பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் இன்ஜின் கம்ப்யூட்டர் மாற்றுவது எப்படி: 1987–1995 வண்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

1987 முதல் 1995 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்குகள் அமெரிக்காவில் இன்னும் நிறையவே ஓடிக்கொண்டிருக்கின்றன. 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர், 5.0 லிட்டர் வி8, 5.8 லிட்டர் வி8 என்று எந்த இன்ஜின் இருந்தாலும் அது லேசில் கைவிடாது. முப்பது வருடம் தாண்டிய பிறகு தகராறு செய்வது அதைச் சுற்றியுள்ள மின்சார சமாச்சாரங்கள்தான், அதில் ஆளை அதிகம் குழப்புவது இஇசி-4 என்ற தலைமுறையைச் சேர்ந்த இன்ஜின் கம்ப்யூட்டர்.

இதைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. கம்ப்யூட்டர் உண்மையிலேயே போய்விட்டதா, போயிருந்தால் எதனால் போனது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. பலர் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு நேராகப் புதுப் பெட்டியை வாங்கி மாட்டுகிறார்கள். ஒன்று வண்டி பழையபடியே மக்கர் பண்ணுகிறது, இல்லையென்றால் பழையதைக் கொன்ற அதே கோளாறு புதியதையும் கொன்றுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சோதனைதான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

இது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு மட்டும். 1996 மாடல் எஃப்-150-இல் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறையும் 104 பின் கனெக்டரும் வந்துவிட்டன, அது வேறு கதை. உங்கள் கனெக்டரில் 60 பின் இருந்தால் மேலே படிக்கலாம்.

கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் எப்போது வரவேண்டும்

சாவியை ஆன் செய்தவுடன் செக் இன்ஜின் விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும், டாங்கிலிருந்து பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிற்கும் சத்தமும் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கம்ப்யூட்டர் விழிக்கவே இல்லை என்று அர்த்தம். ஆனால் அது செத்துவிட்டதா, அதற்குக் கரண்ட் போகவில்லையா என்பது இன்னும் தெரியாது. பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது, ஒரே நேரத்தில் பாதி சிலிண்டர்கள் செத்துப்போவது, ஐடில் காரணமில்லாமல் ஏறி இறங்குவது, வண்டி ஓடும்போது டக்கென்று அணைந்து மறுபடி உடனே கிளம்புவது, இவையெல்லாம் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

இங்கே ஒரு பெரிய ஏமாற்றுக்காரர் இருக்கிறார்: ஸ்பார்க்கை இயக்கும் டிஎஃப்ஐ இக்னிஷன் மாட்யூல். இந்த வரிசையின் ஆரம்பகால வண்டிகளில் அது டிஸ்டிரிபியூட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டு இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். வண்டி சூடானதும் அணைந்து, அரை மணி நேரம் ஆறினதும் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்தது டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பிஐபி சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியை அனுப்புவதே அதுதான், அது போனால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. ஸ்பார்க், இன்ஜெக்டர் இரண்டும் சேர்ந்து போயிருந்தால் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் டிஸ்டிரிபியூட்டரைப் பாருங்கள். ஸ்பார்க் நன்றாக இருந்து இன்ஜெக்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்தான் விரல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

படி 1: அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

ஸ்கேனர் தேவையில்லை. ஒரு துண்டு வயர் போதும். பானெட்டுக்குள் ஆறு துளை உள்ள சோதனைக் கனெக்டர் ஒன்றும் அதன் பக்கத்தில் ஒற்றை வயர் கனெக்டர் ஒன்றும் தொங்கும். சாவி ஆஃப் நிலையில், ஒற்றை வயரையும் பெரிய கனெக்டரில் சிக்னல் ரிட்டர்ன் எனப்படும் துளையையும் அந்தத் துண்டு வயரால் இணையுங்கள் (உங்கள் வருடத்துக்கான வயரிங் படத்தில் எந்தத் துளை என்று இருக்கும், ஊகித்துக் குத்தாதீர்கள்). அப்புறம் சாவியை ஆன் செய்யுங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு மினுக்கி மினுக்கி எண்களைச் சொல்லும். முதலில் இப்போதைய கோளாறுகள் வரும், பிறகு ஒரே ஒரு மினுக்கல், அதன் பிறகு நினைவில் சேமித்த பழைய கோளாறுகள். பழைய வண்டிகளில் இரண்டு இலக்கம், 1990-களில் வந்தவற்றில் மூன்று இலக்கம். 11 அல்லது 111 வந்தால் எல்லாம் சரி என்று பொருள்.

நமக்கு முக்கியமானவை 511, 512, 513. 511 என்றால் கம்ப்யூட்டரின் நிரந்தர நினைவகம் தன் சோதனையில் தோற்றுவிட்டது. 513 உள்ளே இருக்கும் வோல்டேஜ் கோளாறு. 512 என்பது சாவி ஆஃபில் இருந்தாலும் அழியாத நினைவகம் பற்றியது, ஆனால் சமீபத்தில் பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் இதே எண் வரும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு இலக்க வண்டிகளில் இந்த இரண்டு நினைவகச் சமாச்சாரத்துக்கும் 15 என்ற எண்தான்.

விளக்கு மினுக்கவே இல்லை, எண் எதுவும் வரவில்லை என்றால் அடுத்த படி இன்னும் முக்கியம்.

படி 2: கரண்டும் எர்த்தும்

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லி மாற்றப்படுகிறவற்றில் குற்றமில்லாதவை நிறைய, காரணம் இந்தப் படியை யாரும் செய்வதில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். பழைய பல்ப் வைத்த டெஸ்ட் லேம்பால் கம்ப்யூட்டர் பின்களைத் தொடாதீர்கள், அது இழுக்கும் கரண்டைத் தாங்காத சர்க்யூட்கள் உள்ளே உண்டு.

சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிரைவர் பக்கம், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரில், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் திசையில், தடிமனான வயர்க் கட்டு ஒன்று பெரிய கனெக்டரில் போய் முடியும். கம்ப்யூட்டர் கேபினுக்குள் இருந்தாலும் அதன் வாய் இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், கனெக்டரைக் கழற்றுவது இந்தப் பக்கத்திலிருந்துதான். நடுவில் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட். அதைத் தளர்த்தத் தளர்த்த கனெக்டர் தானாகவே வெளியே வரும், வயரைப் பிடித்து இழுக்கவே வேண்டாம்.

இப்போது கனெக்டரின் முகத்தைப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருக்கிறதா, பின் எதுவும் உள்ளே போயிருக்கிறதா, தண்ணீர் தடம் இருக்கிறதா? பச்சை இருந்தால் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். சில நேரம் வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும்.

பேட்டரியை மாட்டிவிட்டு வயரிங் பக்கக் கனெக்டரில் அளவெடுங்கள். பின் 1-இல் சாவி ஆஃபிலும் பேட்டரி வோல்டேஜ் இருக்க வேண்டும். பின் 37, பின் 57 இரண்டிலும் சாவி ஆன் செய்ததும் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும், இது இஇசி பவர் ரிலே வழியாக வருவது. வரவில்லையென்றால் ரிலே, ஃபியூஸ், ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ் போல உருகும் வயர்), இந்த வரிசையில் தேடுங்கள். பின் 40, பின் 60 இரண்டும் எர்த். எர்த்தை ஓம் மீட்டரால் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம், ஒரே ஒரு இழை மீதமிருக்கும் வயரும் ஓம் மீட்டருக்கு நல்ல வயர்தான். பின் 37-க்கும் 40-க்கும் நடுவே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை இணைத்துப் பாருங்கள், 57-க்கும் 60-க்கும் அதேபோல. கம்ப்யூட்டர் கழன்றிருக்கும்போது இந்த நான்கு பின்களில் மட்டும் பல்ப் பயன்படுத்தலாம். பளிச்சென்று எரிய வேண்டும். பல்ப் எரியும்போதே எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டினால் எர்த் வயரைத் துரத்திக்கொண்டு போங்கள், பேட்டரி நெகட்டிவ் கேபிளுக்குப் பக்கத்தில் அரித்துப்போன இணைப்பு ஒன்று கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கனெக்டர் துளைக்குள் மீட்டரின் தடித்த முனையைத் திணிக்காதீர்கள். துளை விரிந்துவிட்டால் அப்புறம் பின் தளர்வாக நின்று, எப்போதாவது மட்டும் வரும் கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். மெல்லிய ஊசி முனை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து 5 வோல்ட். சாவி ஆஃப், கம்ப்யூட்டரைத் திரும்ப மாட்டி, சாவி ஆன். த்ராட்டில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி ரெஃபரன்ஸ் வயருக்கும் சிக்னல் ரிட்டர்ன் வயருக்கும் நடுவே அளந்தால் 5 வோல்டை ஒட்டி வர வேண்டும். பூஜ்யம் காட்டினால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள். இதே 5 வோல்ட் மேப் சென்சாருக்கும் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) இஜிஆர் சென்சாருக்கும் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் வால்வைக் கவனிப்பது) சேர்ந்தே போகிறது, அவற்றில் ஏதாவது ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போய்விடும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை, வயரிங்கிலும் ஷார்ட் இல்லை, 37, 57, 40, 60 எல்லாம் நன்றாக இருக்கின்றன, அப்போதுதான் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பம்ப் நிற்காமல் ஓடுகிற கேஸ் என்றால் சோதனை இன்னும் எளிது. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். அப்போதும் ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பின் 22-க்குப் போகும் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. நின்றுவிட்டால் கம்ப்யூட்டருக்குள் பம்ப் ரிலேயை இயக்கும் ட்ரான்சிஸ்டர் போய்விட்டது.

படி 3: எதனால் போனது

இரண்டு முக்கியமான காரணங்கள். ஒன்று வயது: போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உள்ளிருக்கும் திரவத்தைக் கசியவிட்டு, அந்தத் திரவம் பக்கத்துச் செப்புத் தடங்களை அரித்துவிடும். இதற்கு வண்டியில் யாரும் பொறுப்பில்லை. இரண்டாவது, கம்ப்யூட்டர் இயக்கும் காயில்களில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகி, அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டரை எரித்துவிடும். இது கண்டுபிடிக்கப்படாமல் போனால் அடுத்த கம்ப்யூட்டரும் எரியும்.

கம்ப்யூட்டர் கழன்றிருக்கும்போதே, சாவி ஆஃபில், பின் 37-ஐ ஒரு பக்கம் வைத்துக்கொண்டு காயில்களின் ஓம் அளவை எடுத்துவிடுங்கள். மேப் சென்சார் வைத்த வண்டிகளில் இன்ஜெக்டர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து பின் 58, பின் 59 இரண்டில் முடியும். ஒரு நல்ல இன்ஜெக்டர் தனியாக 13 முதல் 16 ஓம் காட்டும். வி8-இல் நான்கு சேர்ந்து 3.25 முதல் 4 ஓம் வரை வர வேண்டும், ஆறு சிலிண்டரில் மூன்று சேர்ந்து 5 ஓம் அருகில். தெளிவாகக் குறைந்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்று ஷார்ட், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாதி சிலிண்டர்கள் ஒரே நேரத்தில் சாவது ஏன் என்பதும் இதிலேயே புரிந்துவிடும், ஒரு கூட்டத்தை இயக்கும் ட்ரான்சிஸ்டர் போனால் அந்தக் கூட்டமே போகும். ஐடில் வால்வின் காயில் பின் 21-இல், 6 முதல் 13 ஓம். அதற்குள் ஒரு டையோடு இருப்பதால் மீட்டரின் பாசிட்டிவ் முனையை 37-இல் வைத்துதான் அளக்க வேண்டும், மாற்றி வைத்தால் தப்பான எண் வரும். இஜிஆர், கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) சோலனாய்டுகளையும் வயரிங் படத்தை வைத்துக்கொண்டு விடாமல் பாருங்கள்.

ஆல்டர்னேட்டரையும் விட்டுவிடாதீர்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 15 வோல்டைத் தாண்டினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

படி 4: திறந்து பாருங்கள், பழுது பார்க்கலாமா என்று முடிவெடுங்கள்

கேபினுக்குள், டிரைவரின் இடது கால் பக்கம், பார்க்கிங் பிரேக் பெடலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் கம்ப்யூட்டரின் பின்பக்கம் தெரியும். இன்ஜின் பக்கக் கனெக்டரை ஏற்கெனவே கழற்றிவிட்டீர்கள் என்பதால், பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக்கை விடுவித்து நேராகக் கேபினுக்குள் இழுத்தால் வந்துவிடும். பெடல் இடிக்கும், கொஞ்சம் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பழைய உரிமையாளர் யாராவது பவர் கூட்டும் சிப் மாட்டியிருந்தால் அது கம்ப்யூட்டரின் பின்பக்கச் சின்ன வாயில் செருகியிருக்கும். அதை எடுத்துவிட்டு அந்தச் செப்பு விளிம்பை ஆல்கஹாலால் துடைத்து, சிப் இல்லாமல் ஒரு தடவை வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். அழுக்கான சிப் தொடர்பு, செத்துப்போன கம்ப்யூட்டர் போலவே நடிக்கும்.

மூடியைத் திறந்ததும் மூக்கை வைத்துப் பாருங்கள், கசிந்த கெப்பாசிட்டருக்கு மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை உண்டு. பெரும்பாலான போர்டுகளில் மூன்று கெப்பாசிட்டர்கள்: 47 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் இரண்டு, 10 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் ஒன்று. உங்கள் போர்டில் எழுதியிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். கழற்றும் முன் எந்தப் பக்கம் நெகட்டிவ் என்று போட்டோ எடுத்துவிடுங்கள், மாற்றி வைத்தால் வெடிக்கும்.

என் கருத்தில், கெப்பாசிட்டர் கசிவு மட்டுமே கோளாறு என்றால் பழைய பெட்டியைப் பழுது பார்ப்பதுதான் சிறந்த வழி. அது உங்கள் வண்டிக்கென்றே வந்தது, பொருத்தம் பார்க்க வேண்டிய தலைவலியே இல்லை, செலவும் மிகக் குறைவு. 105 டிகிரி தாங்கும் நல்ல கெப்பாசிட்டர் வாங்குங்கள், 16 வோல்டுக்குப் பதில் 25 வோல்ட் போடுவதில் தப்பில்லை, மைக்ரோஃபாரட் அளவு மட்டும் மாறக் கூடாது. போர்டின் மேல் தெளிவான பூச்சு ஒன்று இருக்கும், அதைச் சால்டர் செய்யும் இடத்தில் மட்டும் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, கெப்பாசிட்டரை இழுக்காமல் விடுவித்து, கசிந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் மென்மையான பிரஷ்ஷாலும் நன்றாகக் கழுவுங்கள். கழுவிய பிறகுதான் அரித்துப்போன தடங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு தடத்தையும் மீட்டரால் சோதித்து, அறுந்ததை மெல்லிய வயரால் இணையுங்கள். கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள். கையில் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டையைக் கட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

ட்ரான்சிஸ்டரோ சிப்போ கருகியிருந்தால், எலக்ட்ரானிக்ஸ் வேலை நன்றாகத் தெரியாதவர்கள் அதோடு நிறுத்திவிட்டு மாற்றுப் பெட்டி தேடுவது நல்லது.

படி 5: சரியான மாற்று

கம்ப்யூட்டரின் மேல் உள்ள ஸ்டிக்கரில் இரண்டு விஷயம் பாருங்கள். நடுவில் 12ஏ650 என்று வரும் நீளமான பாகம் எண். அதன் முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும், இ என்றால் எண்பதுகள், எஃப் என்றால் தொண்ணூறுகள், அடுத்த இலக்கம் வருடம், அதையடுத்த டி டிரக் என்பதற்கு. அதாவது எஃப்3டி என்று ஆரம்பித்தால் 1993 டிரக். அதைவிட முக்கியம், பெரிதாக அச்சிட்ட மூன்று அல்லது நான்கு எழுத்துக் குறியீடு. பொருத்தம் பார்க்க வேண்டியது இதைத்தான், அது ஒன்றாகவே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஒன்றாக இல்லையென்றால் மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: இன்ஜின், கியர்பாக்ஸ், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் முறை. 1989-இல் வந்த இ4ஓடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இந்தக் கம்ப்யூட்டர்தான் இயக்குகிறது, அதனால் மேனுவல் வண்டியின் பெட்டியை அங்கே மாட்டினால் இன்ஜின் ஓடும், கியர் ஒழுங்காக மாறாது. காற்றை அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார் வண்டிக்கும் நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் மீட்டர் வண்டிக்கும் பின் அமைப்பே வேறு, அதில் விளையாடவே வேண்டாம். புகைச் சோதனை கடுமையான கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த மாநிலத்துக்கு வந்த பெட்டியாகவே பார்த்து வாங்க வேண்டும்.

மறுசீரமைத்த பெட்டி வாங்கும்போது பழையதைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கும் உங்கள் பெட்டிக்கும் ஒரே வயசு, கெப்பாசிட்டரும் அதே வயசு. மாட்டுவதற்கு முன் அதிலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

ஒரு நிம்மதி: இந்த வண்டிகளில் சாவிக்குள் சிப் வைத்த திருட்டுத் தடுப்பு முறை இல்லை. டீலரிடம் போய் புரோகிராம் செய்ய வேண்டியதில்லை, மாட்டினால் போதும்.

படி 6: மாட்டுவது

பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்கட்டும். பெட்டியைக் கேபினிலிருந்து தடுப்புச் சுவர் வழியாக நுழைத்து உட்கார வையுங்கள். கனெக்டரின் ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, விளிம்பில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டை முதலில் கையால் திருகி, நேராகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு சின்ன ராட்செட்டால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் பக்கமே போகாதீர்கள், அந்தத் திருகு மரை போனால் கம்ப்யூட்டரோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். மேலே விண்ட்ஷீல்டு அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஒழுகும் தடம் தெரிந்தால் அதை அடைக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

படி 7: பழக்குவது

பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். செக் இன்ஜின் விளக்கு, பம்ப் சத்தம், இரண்டும் வந்தால் படி 1-இல் செய்த சோதனையை மறுபடி செய்யுங்கள். 111 (இரண்டு இலக்க வண்டிகளில் 11) வர வேண்டும். நினைவுப் பகுதியில் 512 (இரண்டு இலக்க வண்டிகளில் 15) மட்டும் வந்தால் பேட்டரி கழற்றியதால்தான், அழித்துவிடலாம். இன்ஜினைக் கிளப்பி, சூடாகும்வரை நியூட்ரலில் விட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவிலும் சிறிது நேரம், ஏசி போட்டும் சிறிது நேரம் ஐடிலில் விடுங்கள். பிறகு பத்து மைலாவது நெடுஞ்சாலையும் தெருவும் கலந்து ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் உங்கள் இன்ஜினின் குணத்தைப் படித்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும், அதுவரை ஐடில் கொஞ்சம் தள்ளாடுவது இயல்பு.

இக்னிஷன் டைமிங்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஸ்பவுட் எனப்படும் சின்னக் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 10 டிகிரி இருக்க வேண்டும், பார்த்து முடித்ததும் திரும்ப மாட்டுங்கள், மறந்தால் வண்டி இழுக்கவே இழுக்காது.

கடைசியாக, நன்றாகச் சூடான வண்டியை அணைத்து, பானெட்டை மூடியபடி இருபது நிமிடம் விட்டு மறுபடி கிளப்புங்கள். சூட்டில் மட்டும் வரும் கோளாறு இருந்தால் இங்கேதான் வெளியே வரும். ஒரு வாரம் இப்படிப் பல விதமாக ஓட்டிப் பார்த்து, எண்கள் எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகே பழைய பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். உங்கள் குறியீடு யார்டுகளில் அரிதாகக் கிடைப்பது என்றால், பிடித்த தொகை போனாலும் பரவாயில்லை என்று அதை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.